நிலையான முகவரி: இல்லை

நான் வைத்தியசாலையில் கிடந்த ஐம்பத்திரண்டு நாட்களும் என் கட்டிலின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கியது. காய்ச்சலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் சிவப்புக் கோடு அதில் நாள்தோறும் நீண்டது. தலைப்பில் இருந்த இரண்டு வரிகள் மட்டும் மாறவில்லை. முதலாவது என் பெயர். இரண்டாவது, "மலாயா அகதி, நிலையான முகவரி இல்லை" என்பது. அந்த இரண்டாவது வரி எவ்வாறு எழுதப்பட்டது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். நோயைப் பற்றியும் சொல்வேன். கடல் கடந்து வந்த குடும்பங்கள் இப்போது யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் பல உள்ளன. அவர்களுள் ஒருவருக்காவது இது பயன்படலாம்.

யப்பானியர் மலாயாவில் இறங்கிய பின்னர் அம்மாவும் நானும் கப்பலேறினோம். அப்பா கோலாலம்பூர்ப் புகையிரதக் கந்தோரில் எழுதுவினைஞர். உத்தியோகத்தை விட்டுவர அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் இரண்டாம் ஆண்டு இலக்கியம் படித்துக்கொண்டிருந்த நான் ஒரு பெட்டியுடன் வந்தேன். அம்மாவின் சீதன உறுதிப்பத்திரம் அப்பாவின் இரும்புப் பெட்டிக்குள்ளேயே தங்கிவிட்டது. அப்போது அதைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

கொழும்புத் துறைமுகத்தில் ஒருவர் எங்கள் பெயர்களைப் பதிந்து ஆளுக்கு ஓர் அகதி அட்டை தந்தார். அதைக் காட்டினால் அரசாங்கச் செலவில் வைத்தியம் பார்ப்பார்கள் என்று விளக்கினார். யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்தில் எங்களை எதிர்கொண்ட மாமா, அம்மாவின் தம்பி, அம்மாவின் கையில் இருந்த அந்த அட்டைகளை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எங்கடை அக்கா அகதியோ? தன்ரை வீட்டுக்கு வாறவளுக்கு உந்த மட்டை என்னத்துக்கு?"

அட்டைகளைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அம்மா வழி நெடுகவும் மகிழ்ச்சியில் அழுதுகொண்டே வந்தா.

உரும்பிராயில் இருந்த அந்த வீடும் வளவும் அம்மாவுக்குத் திருமணத்தின்போது கொடுக்கப்பட்டவை. பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் பெண்ணுடையதே. சகோதரன் அதைப் பார்த்துக்கொள்ளலாம், உரிமை கொண்டாட முடியாது. இது எங்கள் தேசத்து வழமை. அம்மா மலாயாவுக்குப் போன நாள்முதல் மாமா அங்கே குடியிருந்தார். மாமியும் அவர்களுடைய ஒரே மகள் பூமணியும் உடனிருந்தனர். பூமணிக்குப் பதினெட்டு வயது. வந்த அன்றே என்னைக் கிணற்றடிக்கு இழுத்துச் சென்று ஒரு வாளி தண்ணீர் அள்ளித் தந்தாள்.

"குடிச்சுப் பாருங்கோ மச்சாள். உரும்பிராயிலை உப்பில்லாத கிணறு எத்தினை இருக்கெண்டு எண்ணலாம். எங்கடை அதிலை முதலாவது. உங்கடை மலாயாவிலை குழாய்க்குள்ளாலை வாறதெல்லாம் தண்ணியே?"

உண்மையில் இனிய தண்ணீர்தான். மூன்று மாதம் அதையே குடித்தேன்.

நான்காம் மாதத்தில் தலைவலியுடன் காய்ச்சல் தொடங்கியது. ஒவ்வொரு மாலையும் முந்திய மாலையைவிடச் சற்று உயர்ந்தது. ஊர் மருந்துச்சாலையில் இருந்த அப்போதிக்கரியார் என் நாக்கையும் கண்ணையும் பார்க்குமுன்னரே முடிவு செய்துவிட்டார்.

"மலாயாவிலையிருந்து வந்த பிள்ளையோ? அப்ப மலேரியாதான். அங்கையிருந்து கொண்டந்திருக்கிறா."

ஒன்பது நாட்கள் கொயினா மாத்திரை விழுங்கினேன். காதுகளுக்குள் வண்டு இரைந்தது; காய்ச்சல் குறையவில்லை. பத்தாம் நாள் என்னால் என் பெயரைச் சொல்ல முடியவில்லையாம். மாமா வாடகைக் கார் பிடித்து, பின்னிருக்கையில் என் தலையைத் தன் மடியில் வைத்து, குண்டும் குழியுமான இடங்களில் சாரதியை மெதுவாகப் போகச் சொல்லி, என்னை வைத்தியசாலைக்குக் கொண்டு சேர்த்தார். அதை நான் மறக்கவில்லை. மறக்க முடியாமற் போனதுதான் பிறகு வந்தவற்றைக் கடினமாக்கியது.

வாசலில் அனுமதி எழுதும் கிளாக்கர் இருந்தார். நான் சுவரோரம் கிடந்த நீண்ட மர வாங்கில் படுத்திருந்தேன். அம்மா என் தலைமாட்டில் நின்றா. மாமா மேசைக்குப் போய்ச் சட்டைப்பையிலிருந்து என் அகதி அட்டையை எடுத்து வைப்பதைக் கண்டேன். திரும்பி வந்தவர் அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அகதி எண்டு சொன்னாத்தான் அக்கா கட்டில் உடனை கிடைக்கும். வீடுவாசல் இருக்கெண்டால் ஊர் விதானையாரிட்டைப் போ, கடிதம் கொண்டா எண்டு அலைக்கழிப்பாங்கள். பிள்ளை தாங்காது."

"நீ செய்யிறது சரியாத்தான் இருக்கும் தம்பி" என்றா அம்மா.

பெண்நோயாளர் விடுதியின் கடைசியில், காய்ச்சற்காரர்களுக்கென்று தட்டியால் மறைத்த இடத்தில், எனக்குக் கட்டில் தந்தார்கள். வைத்தியர் ஒரு பெண்மணி. நடுத்தர வயது, சத்தமில்லாத நடை. எல்லோரும் அவரை டொக்டர் அம்மா என்றே அழைத்தனர். என் கையிலிருந்து இரத்தம் எடுத்தார். அதைத் தெளியவைத்து, இறந்த கிருமிகள் கலந்த நீருடன் சேர்ப்பார்களாம். நோயாளியின் உடம்பு அந்தக் கிருமியுடன் முன்னரே போராடியிருந்தால், கிருமிகள் பால் திரைவதுபோலத் திரளும். என் இரத்தத்தில் அவை திரண்டன. ரைபோயிட், ஊரார் நெருப்புக் காய்ச்சல் என்பார்கள். கிருமி குடிதண்ணீரால் அல்லது உணவால் உள்ளே போய்ச் சிறுகுடலில் புண் உண்டாக்குகிறது. அதனை அழிக்கும் மருந்து இன்று இல்லை. குடல் கிழியாமல் காத்து, உடம்பு தானே வெல்லும்வரை காத்திருப்பதுதான் வைத்தியம்.

"எங்கை தண்ணி குடிச்சவ எண்டு எழுதவேணும்" என்று டொக்டர் அம்மா கேட்டது நினைவிருக்கிறது. என் நாக்கு புரளவில்லை. பதிவேட்டைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்: "கப்பல், கொழும்பு அகதி மண்டபம். ஊருக்கு வந்து இரண்டு கிழமை. சரி."

மூன்று மாதம் எப்படி இரண்டு கிழமையாயிற்று என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. அம்மா அப்போது என் துணிகளைத் துவைக்கப் போயிருந்தா.

மூன்றாம் நாள் மாமா ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. "அரசாங்கக் கச்சேரிக்குக் குடுக்கிற கடதாசி அக்கா. பிள்ளையின்ரை கட்டிலுக்கு. உந்தக் கோட்டிலை கையெழுத்து வையுங்கோ." ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த நான் இரண்டு முழத்துக்கு அப்பால் கண்மூடிக் கிடந்தேன். என்னை எழுப்பக் கூடாதென்று அம்மா கட்டிலின் விளிம்பில் அந்தத் தாளை வைத்து, மெல்லக் கையெழுத்திட்டா.

பிறகு பசியின் நாட்கள். பார்லித் தண்ணீர், தோடம்பழச் சாறு, மோர்த் தெளிவு. கடிக்கக்கூடிய எதுவும் இல்லை. ஒரு பருக்கை சோறு புண்ணான குடலைக் கிழித்துவிடும் என்றார்கள். பசி ஒரு வலி அன்று, ஒரு விதமான இழிவு என்பதை அங்கே அறிந்தேன்; தட்டியின் மறுபுறம் யாரோ மீன்குழம்பு பிசைந்து உண்ணும் மணத்துக்கு நான் அழுதேன். என் தலைமயிர் பிடிபிடியாக உதிர்ந்ததால் மிகுதியை வெட்டிவிட்டார்கள். பூமணி மாமாவிடம் ஒரு துண்டுக் கடிதம் கொடுத்துவிட்டிருந்தாள்: "மச்சாள், தலைமயிர் போனதெண்டு அறிஞ்சன். கவலைப்படாதையுங்கோ. உங்கடை மலாயாச் சீப்பை நான் எடுத்திட்டன். வந்து பறியுங்கோ பாப்பம்."

மூன்றாவது கிழமையில் இரத்தம் போனது. வயிற்றின்மேல் பனிக்கட்டிப் பை வைத்து அசையாமல் கிடத்தினார்கள். பனிக்கட்டி யாழ்ப்பாணப் பட்டினத்தில்தான் கிடைக்கும். மாமா நாள்தோறும் சயிக்கிளில் போய், மரத்தூளும் சாக்கும் சுற்றி, உருகுமுன் கொண்டுவந்து சேர்த்தார். சாக்கிலிருந்து நீர் வடிந்து அவருடைய வேட்டியெல்லாம் நனைந்திருக்கும். "கண்ணைத் திற பிள்ளை, மாமா வந்திருக்கிறன்" என்பார். திறப்பேன். அம்மா அவரைக் கும்பிடாத குறைதான்.

ஐந்தாறு நாட்களில் இரத்தம் நின்றது. சிவப்புக் கோடு இறங்கியது. நாலாம் கிழமை முடிவில் காய்ச்சலே இல்லை. கஞ்சி அனுமதித்தார்கள். வைத்தியசாலையில் கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் சாம்பல் சுவையாக இருந்தது; எனக்குக் குமட்டியது. இதை அம்மா சொல்லக் கேட்ட மாமி, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைப் பித்தளைச் செம்பில் நிரப்பி, வாயை வெள்ளைத் துணியால் கட்டி அனுப்பத் தொடங்கினா. வெளி உணவு கூடாது என்பது அம்மாவுக்குத் தெரியும். ஆனால் சொந்தக் கிணற்றுத் தண்ணீரை யார் வெளிப் பண்டம் என்று எண்ணுவார்கள்? உப்புக் கிணறுகளுக்கு நடுவே நன்னீர்க் கிணறு உள்ளவர்கள் அதை மருந்தென்றே நம்புவார்கள். அம்மா செம்பைச் சின்ன அலுமாரிக்குள் வைத்து, தாதி அப்பால் போனதும் ஊற்றித் தந்தா. எட்டு நாட்கள் ஆவலோடு குடித்தேன்.

ஒன்பதாம் நாள் கோடு மீண்டும் ஏறியது.

இந்த நோய் தானாகவே திரும்பி வருவதுமுண்டு என்று டொக்டர் அம்மா பின்னர் எனக்குச் சொன்னார். அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அவர் அலுமாரியைத் திறந்தார். செம்பை எடுத்துத் துணியை அவிழ்த்தார்.

"இதென்ன அம்மா? வெளித் தண்ணி குடுக்கக் கூடாதெண்டு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான்."

அம்மா பயந்துபோனா. "வெளித் தண்ணி இல்லை டொக்டர் அம்மா. எங்கடை கிணத்துத் தண்ணி. உரும்பிராயிலை என்ரை சீதன வளவுக் கிணறு. கற்கண்டு மாதிரி. பிள்ளை வந்த நாள் தொடக்கம் அதைத்தான் குடிக்கிறவள்."

டொக்டர் அம்மா செம்பைக் கீழே வைத்தார். "உங்களுக்கு உரும்பிராயிலை வீடு இருக்கோ?"

"வீடு இல்லாமல்?" என்று அம்மா சிரித்தா. "என்ரை கலியாணத்துக்குக் கட்டினது."

"வந்து எவ்வளவு காலம்?"

"வாற மாதத்தோடை ஆறு மாதம்."

வைத்தியர் செம்பை எடுத்துக்கொண்டு போனார். மாலையில் மாமா வந்தபோது, பதிவேட்டுடனும் ஒரு கோப்புடனும் டொக்டர் அம்மா எங்கள் தட்டிக்குள் வந்து நின்றார்.

"ஐயா, இந்தக் காய்ச்சல் வந்த வீட்டுக் கிணத்தைச் சுகாதாரப் பகுதியார் வந்து இறைச்சு, மருந்து போடவேணும். அதுக்குத்தான் நாங்கள் முகவரி கேக்கிறது. நீங்கள் முகவரி இல்லை எண்டு எழுதுவிச்சிருக்கிறியள். இவ வீடு இருக்கெண்டுறா."

மாமா அம்மாவைப் பார்க்கவில்லை. "அது என்ரை வீடு டொக்டர் அம்மா. அக்காவும் மகளும் வந்து நிண்டவை. அவவே எழுதித் தந்திருக்கிறா."

மாமா கொடுத்துவைத்த அந்தத் தாளின் பிரதி கோப்பில் இருந்தது. டொக்டர் அம்மா ஒரு கணம் தயங்கி, அதை என்னிடம் நீட்டினார். என் வாழ்நாளில் எத்தனையோ பாடங்களை உரக்க வாசித்திருக்கிறேன்; எதுவும் இதைப்போலக் கனக்கவில்லை. ஒரு பிரக்கிராசியார், அதாவது உறுதி எழுதும் வழக்கறிஞர், அமைத்த நான்கே வாக்கியங்கள். ஒவ்வொன்றாக வாசித்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். தனக்கு இத்தீவில் வீடோ காணியோ கிடையாது. உரும்பிராயில் உள்ள வளவில் தனக்கு எவ்வித உரித்தும் இல்லை. அங்கே தம்பியின் தயவில் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறா. இவற்றை முழு அறிவோடும் விருப்போடும் சொல்கிறா. கீழே அம்மாவின் வட்டமான, பள்ளிக்கூடக் கையெழுத்து.

"இது கட்டிலுக்கோ?" என்று அம்மா வைத்தியரிடம் கேட்டா.

"கட்டிலுக்கு ஒண்டும் வேண்டியதில்லை அம்மா. நெருப்புக் காய்ச்சலோடை வந்தவையை நாங்கள் திருப்பி அனுப்பிறேல்லை. ஊரவை எண்டாலும் ஒண்டுதான், மலாயா ஆக்கள் எண்டாலும் ஒண்டுதான். அந்த அட்டைகூடத் தேவையில்லை."

காய்ச்சல் திரும்பியதென்று கேள்விப்பட்டு வாங்கிவந்த பனிக்கட்டிச் சாக்கு மாமாவின் கையில் இருந்தது. அது தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, கோவிக்காதையுங்கோ" என்றார். "பூமணிக்கு ஆவணியிலை கலியாண எழுத்து. மாப்பிள்ளை வீட்டார் அந்த வளவைக் கேட்டுத்தான் வந்தவை. நீங்கள் இனி மலாயாவிலையிருந்து திரும்பி வரமாட்டியள் எண்டு நான் முந்தியே சொல்லிப்போட்டன். யப்பான் சண்டை முடிய நீங்கள் போற ஆக்கள்தானே? எனக்கு வேறை என்ன இருக்கு குடுக்க?"

"கேட்டிருக்கலாமே தம்பி."

"கேட்டால் தந்திருப்பியளோ?"

அம்மா தந்திருப்பாவோ என்னவோ, எனக்குத் தெரியாது. நான் தந்திருக்க மாட்டேன். எனக்கும் அந்த வளவு ஒருநாள் சீதனமாக வந்திருக்கும் என்பதால் மட்டுமன்று. காய்ச்சலில் என் தலையை மடியில் தாங்கி வந்த அதே மனிதர், அந்தக் காரிலேயே, சட்டைப்பைக்குள் என் அட்டையை வைத்திருந்தார். புகையிரத நிலையத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி, தேவையில்லை என்று அவர் சொன்ன அட்டை அது. அவர் அதை எறிந்துவிடவில்லை; பத்திரமாக வைத்திருந்தார். பனிக்கட்டி கொண்டுவந்த நாட்களைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தேன். அவற்றுள் எந்த நாள் எனக்காக, எந்த நாள் அந்தத் தாளுக்காக என்று பிரிக்க முடியவில்லை.

"வீட்டுக் கதையை நீங்கள் பேசுங்கோ" என்றார் வைத்தியர். "எனக்குக் கிணறு."

மாமா கும்பிட்டார். "காய்ச்சல் கிணறு எண்டு ஒருக்கா எழுதினால் அழியாது டொக்டர் அம்மா. கலியாணம் குழம்பிப்போம். நாளைக்கே ஆள் பிடிச்சு இறைச்சுச் சுண்ணாம்பு போடுறன். ஆரும் வரவேண்டாம்."

இரண்டு நாள் தவணை கொடுத்தார் வைத்தியர். மூன்றாம் நாள் மாமா வந்து, இறைத்தாயிற்று என்று சொன்னார். அவர் இறைக்கவில்லை. ஒரு கிணற்றை வற்ற இறைப்பதற்கு ஆட்கள் வேண்டும். துலா மிதிக்கும் சத்தம் நாலு வளவுக்குக் கேட்கும். வேலிக்கு மேலால் காரணம் கேட்பார்கள். அவர் அந்தக் கேள்விக்கு அஞ்சினார். இதைப் பிறகு மாமிதான் சொன்னா.

என் இரண்டாவது காய்ச்சல் முதலாவதைப் போல நீளவில்லை. கட்டிலைப் பிடித்து நான்கு அடி நடக்கப் பழகிக்கொண்டிருந்த ஒரு காலையில், வாசற்பக்கம் மாமியின் அழுகுரல் கேட்டது. அம்மா என்னைத் தாங்கி அழைத்துப்போனா. நான் கிடந்த அதே வாங்கில் பூமணி கிடந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. அவளுடைய பின்னலில் என் சீப்பு செருகியிருந்தது. எங்களைக் கண்டும் அறியவில்லை.

மாமா அம்மாவின் முன்னால் வந்து நின்றார். "அக்கா, அந்தக் கடதாசியைக் கிழிச்சுப் போடுறன்."

"கிழியாதை. வச்சிரு" என்றா அம்மா. "முதல் போய்க் கிணத்தை இறை."

பூமணி எப்போது அந்தக் கிருமியைக் குடித்தாள் என்பதை யாராலும் சொல்ல முடியாது. கிணற்றை முதல் நாளே இறைத்திருந்தாலும் அவள் முன்னரே குடித்திருக்கக்கூடும். இந்தச் சந்தேகத்தின் பயனை மாமாவுக்குக் கொடுக்க நான் முயன்றேன். முழுவதும் கொடுக்க முடியவில்லை.

கிளாக்கர் பதிவேட்டை விரித்தார். இம்முறை டொக்டர் அம்மா பக்கத்திலேயே நின்றார்.

"பேர் பூமணி. வயசு பதினெட்டு. இருக்கிற இடம் உரும்பிராய். சுகாதாரப் பகுதியாருக்கு அறிவித்தல் போகவேணும். வீடும் கிணறும் ஆரின்ரை பேரிலை?"

 மாமாவின் கண்கள் பதிவேட்டின் மீது இருந்தன. அறிவித்தல் போகும், வெள்ளைக்காற்சட்டை உத்தியோகத்தர் வருவார், கிணற்றடியில் பலகை நடுவார், அந்த வளவின் சொந்தக்காரர் பெயர் அதில் இருக்கும். அதை எல்லாம் அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

"அக்காவின்ரை" என்றார். "எல்லாம் அக்காவின்ரை. நாங்கள் சும்மா இருக்கிறம்."

அந்தத் தாளை வாசித்த நாள்முதல் நான் எந்தச் சொல்லை எதிர்பார்த்தேனோ அந்தச் சொல்தான். வீடு நன்றாயிருந்தபோது அது அவருடையது. காய்ச்சல் கிணறு என்று எழுதப்படும் வேளையில் அம்மாவுடையது. திருடியபோதுகூட அவர் என்னை இவ்வளவு வருத்தவில்லை.

கிளாக்கர் பேனாவை நிறுத்தினார். "அப்ப இந்தப் பிள்ளைக்கு? நிலையான முகவரி எண்டு என்னத்தை எழுதிறது?"

மாமா திரும்பிப் பூமணியைப் பார்த்தார். தன் வாயாலேயே தன் மகளை வீடில்லாதவளாக்கியதை அப்போதுதான் உணர்ந்தார் போலும்.

அம்மா என் தோளை விட்டுவிட்டு மேசைக்குப் போனா. "ஓம், வீடு என்ரைதான், எழுதுங்கோ. பிள்ளையும் என்ரை வீட்டிலைதான் இருக்கிறாள். நிலையா இருக்கிறாள். அதையும் எழுதுங்கோ."

கிளாக்கர் எழுதினார். அம்மா போய் வாங்கில் அமர்ந்து பூமணியின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டா.

இதை எழுதும் இன்று பூமணிக்குப் பதினாறாம் நாள். மாமா பனிக்கட்டி கொண்டுவருகிறார். அம்மா வாங்கி வைக்கிறா. நான் அவருடன் பேசுவதில்லை. அம்மா செய்தது சரியென்று எனக்குத் தெரியும். ஆயினும் எழுத்தில் பொய் சொல்லக்கூடாது என்று பழகியவள் நான்; ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன்: அன்று அந்தப் பேனா என் கையில் இருந்திருந்தால், பூமணியின் பெயருக்கு எதிரே அந்த வரியை நான் வெறுமையாகவே விட்டிருப்பேன்.